புகைப்படத்திலிருந்து ஓவியம்: திண்ணையில் பூக்கட்டிய ஒரு மதியத்தை வைத்து முழு வழிகாட்டி

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் பெரியம்மா வீடு. வடக்குப் பார்த்த திண்ணை, சிவப்பு சிமெண்ட் தரை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மடியில் மல்லிகை மொட்டைக் கொட்டிக்கொண்டு, நனைத்த வாழைநாரும் கையுமாகப் பூக்கட்ட உட்காருவார். அந்தத் திண்ணையில் நேர்வெயில் விழாது. வானத்து வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வந்து விரல்களின் மேல் படியும். ஒரு நாள் அதைப் படம் எடுத்தேன். ஊருக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் திறந்தால் ஏமாற்றமாக இருந்தது. நேரில் என் கண்ணில் நின்றது விரல்களும் மொட்டுகளும்தான். படத்திலோ கரண்ட் மீட்டர் பெட்டி, கதவின் நாதாங்கி, மூலையில் கிடந்த பச்சை பிளாஸ்டிக் குடம், சேலையின் ஒவ்வொரு இழை என்று எல்லாமே ஒரே கூர்மையில் வரிசைகட்டி நின்றன.

ஃபோட்டோஷாப்பில் ஆயில் பெயின்ட் ஃபில்டரை ஒரே கிளிக்கில் போட்டுப் பார்த்தேன். மீட்டர் பெட்டி ஓவியம் போல ஆனது. பெரியம்மா முகமும் அதே அளவுக்கு ஓவியம் போல ஆனது. சிக்கல் அப்படியே இருந்தது.

கேமராவுக்கு மூக்கும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். ஓவியர் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு விரல்நகத்துக்கு அரை மணி நேரம் கொடுப்பார். பின்சுவரை நாலு இழுப்பில் முடித்துவிடுவார். கேமரா எல்லாப் பொருளுக்கும் சமமாகப் பங்கிட்ட கவனத்தைத் திரும்ப வாங்கி, வேண்டிய இடத்துக்கு மட்டும் கொடுப்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். மென்பொருள் எதுவாக இருந்தாலும் வேலை இதுதான்.

இது ஏமாற்று வேலையா?

பலரும் கேட்கும் கேள்வி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1857-ல் ஆஸ்கர் ரெயிலாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், சாவின் விளிம்பில் இருக்கும் ஒரு பெண்ணையும் அவள் குடும்பத்தையும் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரு காட்சியாக்கினார். ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில்தான் முதல் கேமராவைக் கையில் எடுத்தார். ஃபோகஸைத் தளர்த்தி அவர் எடுத்த முகங்களைப் பார்த்து, படம் எடுக்கவே தெரியாதவர் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அவர் கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து 1879-ல் அங்கே மலையகத்தில் இறந்தார். 1904-ல் எட்வர்ட் ஸ்டைக்கன், நிலவொளியில் ஒரு குளத்தின் படத்துக்கு ஒளியுணர் பசையைத் தாளில் கையாலேயே பூசி நிறம் ஏற்றினார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்கும் சேலைக் கரைக்கும் வண்ணம் தொட்டுத் தந்த காலம் ஒன்று உண்டு.

ஆக, கைவைப்பது புதிதல்ல. செய்தி படமாகவோ ஆவணமாகவோ அதைக் காட்டக்கூடாது, அவ்வளவுதான் என் எல்லைக்கோடு. பிரிண்டுக்குப் பின்னால் "புகைப்படத்தின் மேல் டிஜிட்டல் ஓவியம்" என்று எழுதிவைக்கிறேன். படத்தில் இருப்பவரிடம், இப்படிச் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டர் ஏன் போதாது

ஓவிய ஃபில்டர்கள் பலவற்றின் அடியில் இருக்கும் கணக்கு ஒன்று 1976-ல் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர் குவஹாராவின் பெயரில் வழங்கும் அந்தக் கணக்கு, மருத்துவப் படங்களில் புள்ளி இரைச்சலை, அதாவது சிதறித் தெரியும் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்க உருவானது. ஒரு பிக்சலை (படத்தின் மிகச் சிறிய நிறப்புள்ளி) எடுத்து, அதைச் சுற்றியுள்ள இடத்தை நான்கு சதுரமாகப் பிரிக்கும். எந்தச் சதுரத்தில் ஏற்றத்தாழ்வு குறைவோ, அதன் சராசரி நிறத்தை அந்தப் பிக்சலுக்குக் கொடுக்கும். விளிம்பு அழியாமல் உட்பகுதி மட்டும் வழவழப்பாகும். பார்ப்பதற்குப் பிரஷ் தடம் மாதிரி இருக்கும். 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட நியூரல் ஸ்டைல் முறை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ஓவியத்தின் தடங்களை இன்னொரு படத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே அது போன் ஆப்களில் வந்துவிட்டது.

இவை எல்லாம் பிக்சலின் வேறுபாட்டைப் பார்க்கின்றன. எந்த விளிம்பு முக்கியம் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் ஃபில்டரை நான் ஒதுக்குவதில்லை. பின்னணிக்கு மட்டும், அதுவும் 20 முதல் 30 சதவீத ஒப்பாசிட்டியில் (அடியில் இருப்பதை மறைக்கும் அளவு) வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

கையில் இருக்கும் கேமரா போதும். போனில் எடுப்பதானால் புரோ மோடில் ரா ஃபைலாக (மெருகேற்றாத மூலப் பதிவு) எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அது முடியையும் காது ஓரத்தையும் கத்தரிக்கோலால் வெட்டியது போல ஆக்கிவிடும். பிறகு அந்த விளிம்பைச் சரிசெய்யவே ஒரு நாள் போகும்.

மென்பொருளில், பணம் கட்ட முடிந்தால் ஃபோட்டோஷாப். நிறங்களை ஈர வண்ணம் போலக் கலக்கும் அதன் மிக்சர் பிரஷ் 2010-ல் சிஎஸ் 5 பதிப்பில் வந்தது. இந்த வேலைக்கு அதுவே என் வலதுகை. கோரல் பெயின்டர் இதற்கென்றே பிறந்தது போன்ற மென்பொருள். பணம் இல்லாமல் செய்ய கிரிட்டா தாராளமாகப் போதும். அதில் நிறத்தை இழுத்துக் கலக்கும் பிரஷ்கள் உண்டு. கிம்ப்பும் இலவசம்தான், ஆனால் ஈர வண்ணம் போல இழுக்கும் உணர்வு கிரிட்டாவில்தான் நன்றாக வருகிறது.

பேனாவோடு கூடிய ஒரு டேப்லெட் கண்டிப்பாக வாங்குங்கள். சின்ன அளவே போதும். மவுஸில் செய்தால் ஒவ்வொரு இழுப்பும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிமனாக இருக்கும். உயிருள்ள பிரஷ் அப்படி நடக்காது. மெல்லத் தொட்டு, நடுவில் அழுத்தி, நுனியில் விடுவிக்கும் அந்த அழுத்தமாற்றத்தில்தான் கை தெரிகிறது.

படம் எடுக்கும்போதே ஆரம்பியுங்கள்

பாதி ஓவியம் இங்கேயே முடிகிறது. பக்கவாட்டு ஒளி, ஒரே திசையிலிருந்து வரும் ஒளி, பின்னால் இருட்டு: இந்த மூன்றும் அமைந்தால் மேலே செய்யும் வேலை சுலபம். திண்ணை, ஜன்னலோரம், அடுப்படி வாசல், மாட்டுக்கொட்டகை எல்லாம் இதற்குப் பொருத்தமான இடங்கள். ஓவியர் இளையராஜாவின் படைப்புகளை எடுத்துப் பாருங்கள். 2021-ல் நம்மை விட்டுப் போனவர். கதவோரமும் ஜன்னலோரமும் ஒளி விழும் கிராமத்துப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பார்த்தவர்கள் புகைப்படம் என்றே நினைத்தார்கள். நாம் எதிர்த்திசையிலிருந்து வருகிறோம். ஆனால் ஒளியை அவர் எங்கே நிறுத்தினார், எதை இருட்டில் விட்டார் என்பதைக் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

இரண்டாம் முறை போனபோது மீட்டர் பெட்டி தெரியாதபடி இடம் மாறி நின்றேன். குடத்தை உள்ளே எடுத்துவைத்தேன். பெரியம்மாவுக்குப் பின்னால் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். உள்ளறை இருட்டு பின்னணியாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. கம்ப்யூட்டரில் செய்திருந்தால் ஒரு மாலைப்பொழுது.

நான் வைத்தது: 50 எம்.எம் லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800. பின்னணியை மிக அதிகமாக மங்கலாக்கும் எஃப் 1.8 போன்ற அளவுகளைத் தவிர்க்கிறேன். லென்ஸ் தரும் மங்கல் லென்ஸின் கையெழுத்து. அந்த வட்ட வட்ட ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததுமே "இது போட்டோ" என்று கண் சொல்லிவிடும். வெள்ளை மொட்டு வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ட்ரைபாடில் நிறுத்தி அறுபது படம்போல எடுத்தேன். பூக்கட்டும் கை வேகமாக ஓடும். நாரைச் சுற்றி இழுக்கும் அந்தக் கணத்தில் விரல்கள் அழகாக விரியும். அது ஒரு ஃபிரேமில் கிடைத்தது. முகம் நன்றாக அமைந்தது வேறொரு ஃபிரேமில். ட்ரைபாடில் இருந்ததால் இரண்டையும் சேர்ப்பது ஒரு மாஸ்க்கில் (வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் திரை) முடிந்தது.

ரா ஃபைலைத் திறந்ததும்

வழக்கமாகப் படத்துக்குச் செய்வதற்கு நேரெதிராகச் செய்யுங்கள். ஷார்ப்பனிங் (கூர்மையேற்றம்) பூஜ்யம். டெக்ஸ்ச்சர் (நுண்விவரம்) மைனஸ் 20, கிளாரிட்டி (நடுத்தர டோன்களின் மாறுபாடு) மைனஸ் 10 அளவில். ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியைக் குறைத்து, நிழலைக் கொஞ்சம் திறந்து, தட்டையான, சப்பென்ற ஒரு படமாக வெளியே எடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் நிறம் கலக்க இந்தத் தட்டைதான் வசதி. மாறுபாட்டைப் பிறகு நம் கையால் ஏற்றப்போகிறோம். நிறப் படிகள் அதிகம் உள்ள 16 பிட் டிஃப் ஃபைலாக, அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். 8 பிட்டில் மென்மையான சுவர் நிழலைக் கலக்கும்போது படிப்படியாகக் கோடு விழும்.

கிராப் செய்யும்போதே பிரிண்ட் அளவைத் தீர்மானித்துவிடுகிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்தி எடுத்த படம் 4000-க்கு 6000 பிக்சல். 4:5 விகிதத்தில் வெட்டினால் 4000-க்கு 5000. அங்குலத்துக்கு 250 பிக்சல் வீதம் அது 16-க்கு 20 அங்குலப் பிரிண்ட். ஓவியத் தன்மையுள்ள படத்துக்கு இந்த அடர்த்தி நிறைவாகப் போதும்.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபம் இருக்கிறது. அங்குலத்துக்கு 250 பிக்சல் என்றால், 125 பிக்சல் பிரஷ் என்பது தாளில் அரை அங்குலப் பிரஷ். 25 பிக்சல் என்பது இரண்டரை மில்லிமீட்டர் பிரஷ். நிஜ ஓவியர் 16-க்கு 20 கேன்வாஸில் சுவருக்கு எந்தப் பிரஷ்ஷை எடுப்பார், கண்ணுக்கு எதை எடுப்பார் என்று யோசித்தால் உங்கள் அளவு தானாகக் கிடைத்துவிடும். 5 பிக்சல் பிரஷ்ஷில் வேலை செய்கிறீர்கள் என்றால், அரை மில்லிமீட்டர் முடியால் தீட்டுகிறீர்கள் என்று பொருள். யாரும் அப்படி ஒரு கேன்வாஸை முடித்ததில்லை.

இருட்டு, நடு, வெளிச்சம்: தீப்பெட்டி அளவில் ஒரு திட்டம்

வரைய ஆரம்பிக்கும் முன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) வைத்து, அதைச் சாம்பல் நிறத்தில் நிரப்பி, பிளெண்டிங் மோடை (மேல் அடுக்கு கீழே இருப்பதோடு கலக்கும் விதம்) "கலர்" என்று மாற்றினால் நிறம் போய் வெளிச்ச அளவு மட்டும் தெரியும். அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். கடைசிவரை இந்த லேயர் என்னோடு இருக்கும்.

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே டோனில் படத்தை நிரப்புங்கள். பெரியம்மா படத்தில்: கதவு இருட்டு, கூந்தல், சேலையின் நிழல்பக்கம் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டு, சுவரும் தரையும் நடுச் சாம்பல், மடி, கைகள், கன்னத்தின் ஒரு பக்கம் வெளிச்சம். அந்த மூன்று திட்டும் படத்தை ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்த்தால் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் மேலே எத்தனை நாள் தீட்டினாலும் புரியாது. எனக்கு முதலில் புரியவில்லை: வெள்ளைச் சுவர் மடியோடு போட்டி போட்டது. சுவரைக் கர்வ்ஸில் (வெளிச்ச அளவை மாற்றும் கருவி) ஒன்றரை ஸ்டாப் இறக்கிய பிறகுதான் மடி முன்னுக்கு வந்தது.

அடித்தளம்

இப்போது விவரங்களைத் துடைக்க வேண்டும். படத்தின் லேயரை நகலெடுத்து, மீடியன் ஃபில்டரை 10 முதல் 14 பிக்சல் ரேடியஸில் போடுங்கள். சேலை இழை, சுவர்ப் புள்ளி, தோல் துவாரம் எல்லாம் போய் நிறத் திட்டுகள் மட்டும் நிற்கும். கைகளும் முகமும் இருக்கும் இடத்தில் மாஸ்க் வைத்து, 4 பிக்சல் அளவில் மீடியன் போட்ட இன்னொரு நகலைக் காட்டுங்கள். விவரம் வேண்டிய இடம், வேண்டாத இடம் என்ற பிரிவு இங்கேயே தொடங்கிவிட்டது.

இதன்மேல் ஒரு காலி லேயர். மிக்சர் பிரஷ்ஷை எடுத்து, "சாம்பிள் ஆல் லேயர்ஸ்" ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பிரஷ்ஷைக் கழுவும் பொத்தான் ஆன். நிறம் நிரப்பும் பொத்தான் ஆஃப். இப்படி வைத்தால் பிரஷ், கீழே இருக்கும் நிறத்தையே எடுத்து இழுக்கும். வெட் (ஈர அளவு) 40, மிக்ஸ் (கலப்பு அளவு) 60 என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வழவழப்பான வட்டப் பிரஷ் வேண்டாம். மயிர்த்தடம் தெரியும் தட்டைப் பிரஷ் நல்லது. கிரிட்டாவில் செய்பவர்கள் லேயரை நகலெடுத்து, அந்த நகலின் மேலேயே கலக்கும் பிரஷ்ஷால் இழுங்கள்.

பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள், பெரிய பிரஷ்ஷிலிருந்து சின்னதுக்கு வாருங்கள். உள்ளறை இருட்டுக்கு 400 பிக்சல். சுவருக்கு 250, குறுக்கும் நெடுக்குமாக. தரைக்குக் கிடைமட்டமாக. சேலைக்கு மடிப்பு ஓடும் திசையில், மேலிருந்து கீழே ஒரே இழுப்பில். நடுவில் நிறுத்தினால் துணி உடைந்துபோகும். கன்னத்தில் வளைவைச் சுற்றி. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, கைக்குக் குறுக்காகச் சின்னச் சின்ன வளைவுகள்: வளையல் எப்படிக் கையைச் சுற்றுமோ அப்படி. பிரஷ் தடம் உருவத்தைச் சொல்ல வேண்டும். திசை தெரியாத இழுப்பு கறையாகத்தான் தெரியும்.

திரையில் முழுப்படமும் தெரியும்படி வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஜூம் செய்தால் கை தன்னையறியாமல் விவரத்துக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

விளிம்புகள்

மிக முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புகைப்படத்தில் ஃபோகஸில் இருக்கும் பொருளின் விளிம்பு சுற்றிலும் கூர்மையாக இருக்கும். ஓவியத்தில் அதே பொருளின் ஒரு பக்கம் கூர்மை, இன்னொரு பக்கம் மென்மை, மற்றொரு பக்கம் காணாமலே போயிருக்கும். பெரியம்மாவின் கொண்டையும் கதவு இருட்டும் ஏறக்குறைய ஒரே கறுப்பு. அங்கே இருட்டிலிருந்து கூந்தலுக்குள் நாலு இழுப்பு, கூந்தலிலிருந்து இருட்டுக்குள் நாலு இழுப்பு. விளிம்பு கரைந்துவிடும். பார்ப்பவரின் மனசு அதைத் தானே வரைந்துகொள்ளும். நிழல்பக்கத் தோளும் சுவரும் சேரும் இடத்தில் விளிம்பை மென்மையாக்கினேன்.

கூர்மையான விளிம்பு மொத்தப் படத்தில் மூன்று இடத்தில் மட்டும் வைத்தேன்: நாரை இழுக்கும் வலது கட்டைவிரல் நகம், வெளிச்சத்தில் நிற்கும் இரண்டு மொட்டுகளின் ஓரம், மூக்குத்தி. கண் இந்த மூன்றுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வரும். நாலாவதாகச் சேலைக் கரையையும் கூர்மையாக்க ஆசை வந்தது; அழகான சுங்குடிக் கரை. செய்து பார்த்தேன், உடனே கண் காலடிக்கு ஓடிவிட்டது. திரும்ப அழித்தேன்.

மொட்டுகள்

முதல் தடவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏய்யா, உப்புக்கல்லைக் கோத்த மாதிரி இருக்கே?" என்றார். சரியாகச் சொன்னார். ஒவ்வொரு மொட்டையும் நான் வெள்ளை வெளேரென்று, தனித்தனியாகக் கூர்மையாக வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு கைப்பிடி மல்லிகை மொட்டை வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். நிழலில் இருக்கும் மல்லிகை வெள்ளை நிறமே கிடையாது. வானம் பார்க்கும் பக்கம் லேசான நீலச் சாம்பல். கீழ்ப்பக்கம், சிவப்புத் தரையின் மேல் வைத்தால், இளஞ்சூடான ஒரு சிவப்பு ஏறுகிறது. காம்போடு சேரும் இடத்தில் பச்சை. இதுவே பிச்சியாக இருந்தால் மொட்டின் முதுகில் ரோஸ் ஓடும்; மல்லிகைக்கு அது இல்லை. நூறு மொட்டுக் குவியலில் தூய வெள்ளை தெரிந்தது ஏழெட்டு இடத்தில், அதுவும் நுனியில் ஒரு பொட்டாக.

எனவே குவியலை முதலில் ஒரே திட்டாகத் தீட்டினேன்: 150 பிக்சல் பிரஷ், நீலச் சாம்பல் ஒரு பக்கம், சூடான சாம்பல் ஒரு பக்கம். ஒரு மொட்டுகூடத் தனியாக இல்லை. அதன்மேல் 40 பிக்சல் பிரஷ்ஷில், இப்போது நிறம் நிரப்பும் பொத்தானை ஆன் செய்து, வெளிச்சப் பக்கத்தில் முப்பது மொட்டு போலத் தொட்டேன். மொட்டு ஒன்றுக்கு ஒரே இழுப்பு: காம்பில் அழுத்தி நுனியில் விடுவிப்பது. நிழல்பக்கத்தில் எதுவும் தொடவில்லை. கடைசியாக 25 பிக்சலில் ஏழு வெள்ளைப் பொட்டு. எண்ணி ஏழு. தூரத்திலிருந்து பார்த்தால் நூறு மொட்டும் இருக்கின்றன.

கட்டி முடித்த சரத்துக்கும் இதே வழி. விரலுக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து கண்ணி மட்டும் தெளிவாக; அங்கிருந்து மடியில் சுருண்டு இறங்க இறங்க வெறும் வெளிர்நிறத் தடமாகக் கரைந்துபோகட்டும்.

விரல்களில் மூட்டுச் சுருக்கத்தை வழித்துவிடாதீர்கள். அழகாக்குகிறேன் என்று தோலை மழமழவென்று ஆக்கினால் அது பெரியம்மாவின் கை அல்ல. சுருக்கம் ஒவ்வொன்றையும் வரையவும் வேண்டாம். மூட்டுக்கு இரண்டு கருங்கோடும் அதன் பக்கத்தில் ஒரு வெளிச்சமும் போதும்.

நிறம்

வானத்து ஒளி குளிர்ந்தது. அந்த ஒளியில் நிழல்கள் சூடாகத் தெரியும். நேர்வெயிலில் இது தலைகீழ். உங்கள் படத்தில் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, படம் முழுக்க அதை மாற்றாமல் பிடியுங்கள். நான் வெளிச்சப் பகுதியில் துளி நீலமும், நிழலில் காவியும் ஏற்றினேன்.

சென்சார் தரும் பச்சை மிகவும் கத்தும். வாழையிலை, செடி எது இருந்தாலும் பச்சையின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) 30 அளவுக்கு இறக்கி, கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். பிறகு மொத்தப் படத்தின் மேலும் மங்கிய காவியில் ஒரு லேயரை சாஃப்ட் லைட் மோடில் 10 சதவீதம் வைத்தால், எல்லா நிறங்களும் ஒரே தட்டில் குழைத்தவை போல உறவாகிவிடும். ஒரே ஒரு நிறத்தை மட்டும் முழு அடர்த்தியில் விடலாம். இங்கே அது பெரியம்மாவின் அரக்குச் சேலை, அதுவும் முழங்காலில் ஒளி படும் ஒரு கைப்பிடி இடத்தில்.

கேன்வாஸும் வண்ணத் தடிமனும்

இணையத்தில் கிடைக்கும் டெக்ஸ்ச்சர்களை (மேற்பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் படங்கள்) விட, நீங்களே எடுப்பது நல்லது. உரிமைச் சிக்கலும் இல்லை. சுண்ணாம்புச் சுவர், கோணிச் சாக்கு, முரட்டுக் காடாத் துணி ஆகியவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நேராக எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்கி சாஃப்ட் லைட்டில் 15 சதவீதம். முகத்திலும் கையிலும் மாஸ்க் வைத்துப் பாதியாகக் குறையுங்கள்.

வண்ணம் தடித்து நிற்பது போல வேண்டுமென்றால், தீட்டி முடித்ததை ஒரே லேயராகச் சேர்த்து நகலெடுத்து, நிறம் நீக்கி, எம்பாஸ் ஃபில்டரை 2 பிக்சல் உயரத்தில் போட்டு, ஓவர்லே மோடில் 25 சதவீதம் வையுங்கள். சாம்பலாக இருக்கும் இடம் மறைந்து, தடங்களின் மேடும் பள்ளமும் மட்டும் தெரியும். எம்பாஸின் ஒளிக்கோணம் படத்தின் ஒளி வரும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். படத்தில் இடப்பக்கம் வெளிச்சம், தடத்தில் வலப்பக்கம் வெளிச்சம் என்றால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். வெளிச்சப் பகுதியில் தடிமன், இருட்டில் வழவழப்பு: எண்ணெய் வண்ணக்காரர்களின் பழைய பழக்கம், இங்கேயும் செல்லும்.

எப்போது நிறுத்துவது

படத்தைக் கிடைவாக்கில் புரட்டிப் பாருங்கள், தலைகீழாகப் பாருங்கள். சாம்பல் லேயரை ஆன் செய்து தீப்பெட்டித் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று டோனும் அப்படியே இருக்கிறதா? இருந்தால் மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறங்கள். அப்போது கண்ணில் குத்தும் முதல் இரண்டு இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். மூன்றாவதைத் தேட ஆரம்பித்தால் நல்ல இழுப்புகளையும் அழித்துவிடுவீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனி ஃபைலாகச் சேமியுங்கள். பல தடவை மூன்றாம் கட்டத்து ஃபைலே கடைசி ஃபைலை விட உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிண்ட்

முதல் பிரிண்ட் உப்புக்கல் மட்டுமல்ல, இருட்டாகவும் வந்தது. கதவும் கூந்தலும் சேலையும் ஒரே மசிக்கறை. லேபின் மேல் கோபப்பட்டேன். காரணம் என் திரைதான்: முழு வெளிச்சத்தில் வைத்து வேலை செய்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில், அறை விளக்கில் பிடித்துப் பாருங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறத்தாழ ஒத்துப்போகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அளவுமானி வைத்து அளப்பவர்கள் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா பக்கத்தில் வைப்பார்கள்.

தாள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பளபளப்பான போட்டோ பேப்பரில் இந்த வேலையை அச்சிடாதீர்கள். பளபளப்பில்லாத பருத்தி மேட் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவில், நிறத்தை உள்வாங்கி ஓவியத்தாள் போலவே நிற்கும். மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. அதனால் நிழலை ஒரு துளி திறந்து வையுங்கள். லேபில் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்ற திரை மாதிரியைப் பாருங்கள். முழு அளவுக்கு முன்னால், முகமும் கையும் வரும் ஒரு நாலங்குலப் பட்டையை மட்டும் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கேன்வாஸில் அச்சிடுவதானால் நாலு பக்கமும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் கூடுதலாகத் தீட்டிக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் கைவிரல் சட்டத்தின் பக்கவாட்டில் போய் மடிந்துகொள்ளும்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். நேர்வெயில் படும் சுவரும் வேண்டாம். இரண்டாவது பிரிண்டைப் பெரியம்மா திண்ணைக்கு உள்ளே, கதவை ஒட்டிய சுவரில் மாட்டச் சொன்னார். படத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதோ, மதியம் இரண்டு மணிக்கு அதே பக்கத்திலிருந்துதான் அந்தச் சுவருக்கும் வருகிறது.